மறுக்கா வரமாட்டேன்னு சொன்ன ஊருங்க

உக்காருங்க சார், இந்த சீட்டு காலிதான். இதுல இருந்தவரு திருப்பூர்க்காரருங்க. கோயமுத்தூர்ல ஏறறப்ப எம்பக்கத்துலதான் இருந்தாரு, சேலம் தாண்டறதுக்குள்ள கடைசி சீட்டுக்குப் போயிட்டாரு. காத்து வேணுமாமா. பின்னால போடற குலுக்குல இடுப்பு போயிரும்னு சொன்னேன், அது பரவாயில்லைன்னுட்டாரு. சில பேருக்கு நல்லது சொன்னா ஏறாதுங்க.

வாத்தியாருங்களா நீங்க? அப்படித்தான் நெனைச்சேன், பை மேல அவ்வளவு அழகா பேரெழுதி ஒட்டியிருக்கறீங்க. திண்டுக்கல்லா, செரி. காசிக்கு மொதத் தடவையா. அப்ப எம்பக்கத்துல வந்து உக்காந்தது உங்க நல்ல நேரமுங்க. காசி எப்படின்னு போறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கலாம். அங்க போயி ஏமாற வேண்டியதில்லை பாருங்க.

நமக்கு உடுமலைங்க. பேரு நாச்சிமுத்து. சந்தைக்குப் போற ரோட்டுல புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவுடு யாவாரம். இப்ப பையன் பாத்துக்கறான். கடையில இருந்து எனக்கு ஒரு பழக்கமுங்க, எந்த மூட்டை வந்தாலும் கையை உட்டு அடியில இருக்கறதை அள்ளிப் பாத்துருவேன். மேல இருக்கறதை எவன் வேணாலும் நல்லா வெப்பான். ஊருகளையும் நான் அப்படித்தான் பாக்கறது.

பையன் கடையில உக்காந்ததுல இருந்து வருசத்துக்கு ஒரு டூருங்க. நான் பாக்காத ஊரு இல்லை. டில்லி போனேன். ரோடு அகலம், ரோடு அகலம்னாங்க. அகலந்தான், அந்தப் பக்கம் போயிச் சேர்றதுக்குள்ள பொழுது போயிருது. ஒரு கோட்டையைக் காமிச்சாங்க, செவப்பா இருந்துச்சு. உள்ள என்னங்க இருக்குதுன்னு கேட்டேன். இப்ப ஒண்ணுமில்லைன்னாங்க. அப்பறம் எதுக்குங்க அத்தாச்சோட்டு ஒசரத்துக்குச் செவுரு?

ஆக்ராவுல அந்த வெள்ளைக் கட்டடம் இருக்குதுங்களே, ஒலகமே ஓடி வந்து பாக்குது. கட்டடத்துக்கிட்ட ஒரு மரத்து நெழலு உண்டுங்களா? கண்ணு கூசுது, காலு சுடுது. நான் ஒரு சுத்து சுத்திட்டு பஸ்ஸுக்கு வந்துட்டேன். எங்கூட்டுக்காரி அங்கயே ஒரு கல்லுல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறா. ஆள் அனுப்பிக் கூப்பிட்டு வர வேண்டியதாப் போச்சு. அவ்வளவு நேரம் என்ன புள்ளை பாத்தேன்னு கேட்டா, 'சும்மாதானுங்க'ங்கறா. சும்மா பாக்கறதுக்கு நம்மூட்டுச் செவுரு இல்லீங்களா?

ஜெய்ப்பூருல எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே நெறத்துல பெயிண்டடிச்சு வெச்சிருக்கறாங்க. டீ குடிக்க வெளிய போனவன் தங்கின லாட்ஜு எதுன்னு தெரியாம தெருத்தெருவா அலைஞ்சேன். மைசூரு ரொம்பச் சுத்தமுங்க. அதான் அங்க தொந்தரவு. வெத்தலைச் சாறைத் துப்ப ஒரு எடம் கெடைக்காம அரண்மனை மொத்தத்தையும் வாயை மூடிட்டே சுத்துனேன். கல்கத்தாவுல எல்லாத்துலயும் கடுகெண்ணெய். நான் எண்ணெய்ப் புண்ணாக்கோடயே பொறந்து வளந்தவன், எனக்கே கொமட்டுச்சுன்னா பாத்துக்கங்க.

அமிர்தசரசு இன்னும் மோசமுங்க. அங்க கோயில்ல உக்கார வெச்சுச் சாப்பாடு போடறாங்க. யாரு போனாலும், எத்தனை தடவை போனாலும் போடறாங்க. ஒரு பைசா வாங்கறதில்லை. ரொட்டி கொஞ்சம் தடிமன்தான். ஆனா எந்த வாயில சொல்றது? காசு குடுத்தாத்தானுங்க குத்தஞ் சொல்ல முடியும். பேசாமச் சாப்பிட்டு, பேசாம எந்திரிச்சு வந்தேன். அன்னைக்கு முழுக்க எனக்கு என்னமோ மாதிரியே இருந்துச்சு. அந்த மாதிரி ஊரெல்லாம் நமக்கு ஒத்து வராதுங்க.

இந்த டூரு நடத்தறானே ஜெகதீசு, அதா, தொப்பி போட்டுட்டு கதவுகிட்ட நிக்கறானே, அவன் ஒவ்வொரு ஊரு தாண்டறப்பவும் மைக்கைப் புடிச்சுட்டு 'எப்படிங்க இருந்துச்சு'ன்னு கேப்பான். பஸ்ஸே 'நல்லாருந்துச்சு'ன்னு கத்தும். நான் ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்றது. 'பாத்தாச்சு தம்பி. மறுக்கா வர்றதுக்கு இங்க ஒண்ணுமில்லை.' அவ்வளவுதான் சொல்லுவேன். அதுக்கு மேல எந்த ஊரையும் நான் கேவலமாப் பேசறதில்லைங்க.

செரி, அதை உடுங்க. உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கோணும் சார். இன்னைக்கு மத்தியானம் கர்நூலுக்கு இந்தப் பக்கம் எங்கியாச்சும் மரத்தடியில நிறுத்திச் சோறு போடுவாங்க. இந்த டூர்ல மொதச் சாப்பாடு. சாப்பிட்டதும் ஜெகதீசு ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து எப்படின்னு கேப்பான். நீங்க நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. 'சுமாரு'ன்னு சொல்லுங்க, போதும். வாத்தியாரு சொன்னா எடுபடும்.

இன்னும் சாப்பிடவே இல்லியேன்னு கேக்கறீங்க. ஞாயந்தான். சித்தெ மெதுவாப் பேசுங்க. முன்னால டிரைவருக்குப் பின்னாடி, பச்சைச் சீலை கட்டிட்டு, கண்ணாடியை ஒட்டி ரோட்டையே பாத்துட்டு ஒருத்தி வர்றாளே, அவதான் இந்த டூருக்குச் சமையலு. மயிலாத்தான்னு பேரு. எம்பொண்டாட்டிங்க.

சிரிக்காதீங்க. நான் சொல்றதை முழுசாக் கேளுங்க.

போன வருசம் தை மாசம் இதே டூருல நாங்க ரெண்டு பேரும் காசி வந்தோம். காசி முடிச்சு கயாவுக்குப் போனோம். அங்க திதி குடுத்து முடிச்சதும் ஒரு வழக்கம் இருக்குதுங்க. புடிச்ச காயி ஒண்ணு, புடிச்ச பழம் ஒண்ணு, இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன்னு சொல்லி உட்டுட்டு வரோணும். வெவரம் தெரிஞ்ச ஆம்பளைங்க எல்லாரும் பாவக்காயைத்தான் உடுவாங்க. நானும் பாவக்காயை உட்டேன். பொறந்ததுல இருந்து நான் அதைத் தொட்டதில்லை. பழத்துக்கு ஆப்பிளைச் சொன்னேன், அது காய்ச்சல்காரங்க திங்கறது.

பொம்பளைங்களுக்கு இந்த வெவரம் பத்தாதுங்க. சாமி காரியம்னு நெசமாவே புடிச்சதை உட்டுட்டாங்க. ஒருத்தி முருங்கைக்கா. ஒருத்தி அவரைக்கா. ஒருத்தி வெண்டைக்கா. ஈரோட்டு டாக்டரம்மா ஒருத்தி தக்காளியவே உட்டுப்போட்டா. எங்கூட்டுக்காரி கத்திரிக்காயை உட்டா. அவளுக்குக் கத்திரிக்கா புடிக்கும்னே எனக்கு அன்னைக்குத்தானுங்க தெரியும். எங்கூட்டுக் கொழம்புல இருக்கற கத்திரிக்காயெல்லாம் எப்பவும் எந்தட்டுலதான் கெடக்கும். அப்பறம் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க?

அடுத்த நாள் லாட்ஜுல சாப்பாடு. அப்ப ராசப்பன்னு ஒட்டன்சத்திரத்து ஆளு ஒருத்தன் சமையலு. பாவம், அவன் பாட்டுக்கு எல்லாக் காயும் போட்டு கதம்ப சாம்பாரு வெச்சுட்டான். பந்தி பாதி எந்திரிச்சிருச்சு. இதுல முருங்கை கெடக்குது, அதுல அவரை கெடக்குதுன்னு ஒரே சத்தம். மறுபடியும் ஒலை வெச்சு உருளைக்கிழங்கு போட்டான், அதையும் ரெண்டு பேரு உட்டிருக்கறாங்க. கூடையைப் பெறட்டிப் பாத்தா எல்லாருக்கும் ஆவற காயின்னு ஒண்ணுகூட இல்லை. பாவக்காயிதான் கெடந்துச்சு, அதை நாங்க ஆம்பளைங்க உட்டுட்டோம். கடைசியா வெறும் பருப்பை வேக வெச்சுக் கொண்டாந்து ஊத்துனான். நான் ஒரே ஒரு வார்த்தைதானுங்க சொன்னேன். 'பருப்பு எங்க தம்பி, குளிக்கப் போயிருச்சா?'ன்னு. கரண்டியைக் கீழ வெச்சான், பையை எடுத்தான், ரயிலேறிட்டான்.

ஜெகதீசு தலையில கையை வெச்சுட்டு உக்காந்துட்டான். இன்னும் பாதி டூரு கெடக்குது. அப்பத்தான் இவ எந்திரிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. சீலையை இழுத்துச் சொருகிட்டு அடுப்படிக்குப் போனவ, அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு சீரகம், பூண்டு தட்டி நம்ம பக்கத்துச் சோறு ஒண்ணு ஆக்குனா பாருங்க. அதுக்கு காயே வேண்டாமில்லீங்களா. அடுத்த நாள்ல இருந்து மூணு பாத்திரத்துல மூணு கொழம்பு. வாளியைத் தூக்கிட்டு வர்றப்ப, 'உங்களுக்கு அவரை ஆவாதுங்களே அம்மிணி, சித்தெ இருங்க, அடுத்த வாளி உங்களுக்கு'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிச் சொல்லி ஊத்துறா. பஸ்ஸுல யாரு எதை உட்டாங்கன்னு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். தக்காளி டாக்டரம்மா இவளைக் கட்டிப் புடிச்சுட்டா. எல்லாரும் கை தட்டறாங்க.

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? உப்பு அரைக்கல்லு கம்மின்னு சொன்னேன். கம்மிதாங்க அன்னைக்கு.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் ஆச்சு. ஜெகதீசு போன் பண்றான். அடுத்த டூருக்கு அக்கா வருவாங்களான்னு. நான் கண்டிச்சுச் சொன்னேன், 'நாம என்ன பந்திக்குச் சமைக்கற ஆளுங்களா, ஒறம்பரை சொந்தமெல்லாம் என்ன பேசும்'னு.  அவ ராத்திரிக்கு எனக்கு தோசை ஊத்திப் போட்டா, காலையில பொட்டியைக் கட்டிட்டா. அன்னைக்குப் போனவதான். ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவால கோயமுத்தூர்ல மக ஊட்டுல இருந்துக்கறா. ஆபீசு பக்கமாமா.

ஊருக்குள்ள கேக்கறவங்களுக்கு பதில் சொல்லோணுமில்ல. காசிக்குப் போயிருக்கறான்னேன். மறுபடியும் கேட்டாங்க, மறுபடியும் காசின்னேன். பொய்யில்லைங்க, அங்கதான் போறா. இப்ப என்ன ஆச்சுன்னா, ஒரு கல்யாணத்துக்கு அவ வந்தப்ப, சின்னஞ்சிறுசுக எல்லாம் வரிசையில நின்னு அவ கால்ல உழுகுதுக. இத்தனை தடவை காசி பாத்த மகராசியாம். பக்கத்துல நான் ஒருத்தன் நிக்கறேன், எங்கால்ல உழுவறதுக்கு ஒரு பயலைக் காணோம்.

நான் மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு இருக்கறேன். அவனுகளும் நான் எது சொன்னாலும் செரிங்க, செரிங்கன்னு தலையாட்டறானுக. சண்டைக்கு வர்றதுமில்லை, மாத்திக்கறதுமில்லை. அப்பிடி ஒரு எடத்துல எப்படிங்க சோறு எறங்கும்? உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, ஊட்டுக்குள்ள போனாலே வெறிச்சுன்னு இருக்குதுங்க. டீவியைப் போட்டு உட்டுட்டு சத்தத்துக்காகவே உக்காந்திருக்கறேன். அவ இல்லாம என்னால ஆவலைங்க. அவகிட்ட இதையெல்லாம் சொல்ல முடியுங்களா.

ஒருக்கா போன்ல கேட்டேன். எப்பத்தான் புள்ளை ஊருக்கு வர்றதுன்னு. பின்னால ஏதோ ஆத்துச் சத்தம் கேக்குது. ஹரித்துவாரமாமா, தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுதாமா. அந்தத் தண்ணியில கையை வெச்சா ஒடம்பு வெறைச்சுப் போயிருமுங்க, நான் அங்கயும் பாத்துட்டேன். அது இருக்கட்டும், உடுமலைக்கு எப்ப வர்றேன்னு மறுக்கா கேட்டேன். அவ சொல்றா, 'உடுமலை பாத்தாச்சுங்க. மறுக்கா வர்றதுக்கு அங்க என்னங்க இருக்குது?' அப்படிங்கறா. நம்மூரைப் போயி அப்படிச் சொல்லலாமுங்களா? நல்ல காத்து, திருமூர்த்தி மலைத் தண்ணி, சந்தை. எங்கிருந்துதான் இந்தப் பேச்சைக் கத்துக்கிட்டாளோ தெரியலை. பஸ்ஸுல கண்டவங்களோட சுத்துனா அப்படித்தான்.

ஜெகதீசுகிட்ட நேர்லயே போயிச் சொன்னேன், அவளை அனுப்பிச்சிரு தம்பின்னு. அவன் சொல்றான், 'பாசஞ்சருங்க சாப்பாடு செரியில்லைன்னு சொன்னா யோசிக்கலாங்கய்யா. இது வரைக்கும் ஒருத்தர்கூடச் சொல்லலை'ன்னு. அதானுங்க பணத்தைக் கட்டிட்டு நானே பாசஞ்சரா வந்துட்டேன். காசிக்கு மறுக்கா வரமாட்டேன்னு சத்தியமே பண்ணியிருந்தேன், பாருங்க எங்க கொண்டாந்து உட்டிருக்குதுன்னு. நேத்து நான் பஸ் ஏறறதை அவ பாத்தா. டிக்கியில பாத்திரம் ஏத்திட்டு இருந்தா. எதுக்கு வந்தீங்க, ஏன் வந்தீங்க, ஒண்ணுமில்லை. 'மாத்திரை எடுத்துட்டு வந்தீங்களா'ன்னு மட்டும் கேட்டுட்டு அக்கட்டால போயிட்டா.

அதனால சார், 'சுமாரு'. ஒரு நாலஞ்சு பேரு சொன்னாப் போதும். திருப்பூர்க்காரருகிட்டயும் கோயமுத்தூர்ல இருந்து இதைத்தான் சொல்லிட்டு வந்தேன். செரி செரின்னு சொல்லிட்டுத்தான் பின்னால போனாரு.

பாத்தீங்களா, நிறுத்தறான். புளியமரம், போர் தண்ணி எல்லாம் இருக்குது. எறங்குங்க, எறங்குங்க. நெனைப்புல இருக்கட்டும், சுமாரு.

வாங்க சார், உக்காருங்க. சாப்பிட்டதும் எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரமா? வேற யாராச்சும் வந்து உக்காந்துருவாங்கன்னு உங்க சீட்டுல துண்டைப் போட்டு வெச்சிருந்தேன்.

நீங்க 'அருமை'ன்னு சொன்னது எங்காதுல உழுந்துச்சுங்க. இருக்கட்டும். உங்களைக் கோவிச்சுக்க எனக்கு மூஞ்சி இல்லை. அதுக்கப்பறம் அக்கட்டால பந்தியில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க.

திருப்பூர்க்காரரு எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தாருங்க. அவ பச்சைப்பயிறு கடைஞ்சு ஊத்துனதை மூணு தடவை வாங்குனாரு. நான் பாத்துட்டேதான் இருந்தேன். கொள்ளு ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சாரு. எனக்கு அந்த ரசம் தொண்டையில எறங்கறப்ப கண்ணுல தண்ணியே வந்திருச்சு, மொளகுன்னு வெச்சுக்கங்க. ஜெகதீசு எங்க வரிசைக்கு வந்து அவருகிட்டத்தான் மொதல்ல கேட்டான். மனுசன் என்னை ஒரு பார்வை பாத்தாரு. பாத்துட்டு, 'ம், சுமாருங்க'ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

'எதுங்க சுமாரு? மூணு தடவை வாங்கித் தின்னுபோட்டு என்ன பேச்சுங்க இது? உங்கூட்டுல இப்படி ஒரு ரசத்தைப் பாத்திருக்கறீங்களா? இந்த வெயில்ல, கல்லைக் கூட்டி, காத்துல அடுப்பு அணைய அணையப் பத்த வெச்சு ஒருத்தி ஆக்கிப் போடறா. கைப்பக்குவம் தெரியாதவனெல்லாம் எதுக்குங்க டூருக்கு வர்றீங்க?' அப்படின்னு எந்திரிச்சு நின்னு கேட்டுப்போட்டேன். எச்சக்கையோட.

ஜெகதீசு திரும்புனான். 'அப்ப ஐயா நீங்க சொல்லுங்க, சாப்பாடு எப்படிங்க'ன்னான். மைக்குகூட இல்லை, ஆனா பந்தியே என்னையப் பாக்குது. போன வருசம் வந்தவங்க ரெண்டு மூணு பேரு இதுல இருக்கறாங்க, அவங்க சாப்பிடறதையே நிறுத்திட்டாங்க. அவ கொஞ்சம் தள்ளி ரச வாளியோட நிக்கறா. எனக்கு சுமாருங்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க சார், சத்தியமா வந்துச்சு. ஆனா அதைத்தான் அந்த ஆளு சொல்லிப்போட்டான், அதையே நான் எப்படிச் சொல்றது? 'நல்லாருக்குது தம்பி'ன்னு சொல்லிட்டேன். சத்தமா வேற வந்துருச்சு.

அவ்வளவுதானுங்க, சோலி முடிஞ்சுது. 'ஐயாவே சொல்லிட்டாரு, இனி அக்காவை நான் உடறதா இல்லை'ன்னு ஜெகதீசு அங்கயே சொல்லிட்டான். அடுத்தது குஜராத்தாமா, அப்பறம் கல்கத்தாவாமா.  அவ பக்கத்து எலைக்குக் குனிஞ்சு 'ரசம் ஊத்தட்டுங்களா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. வாளிதான் தளும்பி அந்தம்மா எலையில பாதி, மண்ணுல பாதி.

அப்பறம் நான் போர்கிட்ட கை கழுவிட்டு இருந்தேன். பின்னாலயே வந்து நின்னா. பக்கத்துல யாரும் இல்லை. 'ஏனுங்க, இதை ஊட்டுல ஒரு நாளைக்குச் சொல்லியிருந்தா நான் எதுக்குங்க பஸ் ஏறறேன்?' அப்படின்னா.  கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, பொகைதானோ என்னமோ.

நல்ல சமயம், மனசு எளகி நிக்கறா, இன்னும் ரெண்டு வார்த்தை நல்லதாச் சொன்னா இப்படியே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு எனக்குத் தோணுச்சுங்க. நமக்கு அந்தப் பேச்செல்லாம் பழக்கமில்லை, இருந்தாலும் சொன்னேன். 'ஊட்டுல ஒரு நாளும் நீ இவ்வளவு நல்லா ஆக்கினதில்லை புள்ளை'ன்னேன்.

அவ என்னையே பாத்துட்டு நின்னாளுங்க. அப்பறம் சிரிச்சா. முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டு, 'செரிங்க, அப்ப நான் இங்கயே ஆக்கிட்டு இருக்கறேன்'னு சொல்லிட்டு வந்து பஸ் ஏறிட்டா.